சந்தடி மிக்க மாடியும் சாந்தமான ஊரும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று இச்சபையின்கண் யாம் பேசுமாறு பணிக்கப்பெற்ற பொருள், பட்டணத்து அடுக்குமாடிக் குடியிருப்பை விடுத்துக் கிராமத்து இல்லத்திற்குக் குடிபெயர்தல் என்பதாம். இஃது ஒரு சிலரது சொந்த விஷயம் என்று ஒதுக்கத்தக்கதன்று. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி தமிழ்நாட்டு மக்களுள் நூற்றுக்கு 48 பேருக்கு மேல் நகரவாசிகள். நம் சங்கத்து அங்கத்தினர்களிற் பலர் ஓரிரு தலைமுறைக்கு முன் ஊரைவிட்டுப் புறப்பட்டவர்களின் மக்களே. அவர்தம் பூர்வீக இல்லங்கள் இன்றும் பூட்டிய கதவும் சரிந்த ஓடுமாய் நிற்கின்றன. பணியினின்று ஓய்வு பெற்றோரும், வீட்டிலிருந்தபடியே தொழில் செய்ய வசதி வாய்ந்த இளைஞரும், ‘ஊருக்கே போய்விடலாமா?’ என்று வீடுதோறும் கேட்கின்றனர். அக்கேள்விக்கு எம்மாலியன்ற விடையை, யாம் நூல்களாற் கற்றதும் பட்டறிந்ததுமாக இங்குக் கூறத் துணிந்தோம்.

முதற்கண், பட்டணத்து இரைச்சல் புதியதன்று. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, அக்காலத்து மதுரையின் நாளங்காடி அல்லங்காடிகளின் ஆரவாரத்தை விரித்துரைக்கின்றது. பகலிலும் இரவிலும் வாணிகம் நடந்த நகரில் அமைதி எங்ஙனம் இருந்திருக்கும்? ஆயினும் அக்காலத்து ஓசை மனிதர் வாயினின்றும் மாட்டின் மணியினின்றும் எழுந்தது. இக்காலத்து ஓசையோ இயந்திரத்தினின்று எழுகின்றது. மனிதன் களைத்தால் வாய் மூடுவான், இயந்திரம் களைப்பதில்லை. வேற்றுமை இதுவே.

இனி, அடுக்குமாடியில் ஓசை மிகுவதற்குக் காரணம் யாதெனின், வீதி மாத்திரமன்று, கட்டடமுமாம். ஓசை இருவழியாற் பரவும். ஒன்று காற்றின் வழி. மற்றொன்று கட்டடத்தின் உடல் வழி. பேச்சும் தொலைக்காட்சியும் காற்றின் வழி வருவன. அவற்றைத் தடுப்பது சுவரின் கனம். கனம் இருமடங்கானால் ஓசை ஏறத்தாழ 5 அல்லது 6 டெசிபல் குறையும் என்பது கணக்கு. முன்னோர் கட்டிய வீடுகளிற் சுவர் ஒன்றரை அடிக்குக் குறைவதரிது. இக்காலத்து மாடிகளிலோ பாரத்தைத் தூணும் உத்தரமும் தாங்குதலால், அறைகளுக்கிடையே நாலரை அங்குலச் சுவரே போதுமென்று விடுகின்றனர்.

கிரைண்டர் சுழல்வதும், நாற்காலி இழுபடுவதும், குழந்தைகள் குதிப்பதும், லிப்டு மோட்டாரும், தண்ணீர் ஏற்றும் மோட்டாரும் மற்றொரு வழியின. மேல்வீட்டின் தரையே கீழ்வீட்டின் கூரையாய், கான்கிரீட்டு முழுதும் ஒரே உடலாய் அமைந்திருத்தலின், ஓரிடத்து அதிர்ச்சி நாற்புறமும் ஓடும். ஐந்தாம் மாடியில் உளி வைத்தால் இரண்டாம் மாடியில் நெஞ்சு அதிரும். ஆதலின் மேல்வீட்டார் முரடர் என்றும், பக்கத்து வீட்டார் நாகரிகமற்றவர் என்றும் நாம் பகைத்துக்கொள்ளும் பூசல்களிற் பெரும்பாலானவை, உண்மையில் சுவரும் தளமும் செய்த குற்றமேயன்றி மனிதர் செய்த குற்றமன்று. இதனை உணரின் பகை பாதியாகும்.

இதற்கொரு சட்டமும் உண்டு. இந்திய அரசு 2000-ஆம் ஆண்டில் வகுத்த ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியிற் பகற்பொழுதில் 55 டெசிபலுக்கும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலுக்கும் ஓசை மேற்படலாகாது. மருத்துவமனை, கல்விச்சாலை, நீதிமன்றம் இவற்றைச் சூழ்ந்த அமைதி மண்டலத்தில் வரம்பு 50-உம் 40-உம் ஆகும். டெசிபல் கணக்குச் சாதாரணக் கூட்டல் அன்று என்பதையும் அறிதல் வேண்டும். 55 என்பது 65 ஆகுமிடத்து ஓசையின் ஆற்றல் பத்து மடங்கு பெருகும். செவிக்கு ஏறத்தாழ இருமடங்காகத் தோன்றும். ஆதலின் ‘பத்துதானே மிகுதி’ என்று கழிக்கலாகாது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளை 2018-இல் வெளியிட்ட நெறியுரை, வீதி வண்டிகளின் இரைச்சல் இரவில் 45 டெசிபலுக்குக் கீழிருத்தல் வேண்டும் என்று கூறுகின்றது. உறங்குவோன் விழித்தெழாவிடினும் அவன் செவி உறங்குவதில்லை. ஒவ்வோர் ஒலிக்கும் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் சிறிது எழுந்து தணிகின்றன. இஃது ஆண்டுக்கணக்கில் நிகழுமாயின் உடலுக்குக் கேடு விளைப்பதில் வியப்பென்னை? முதியோர்க்கும் நோயாளிகட்கும் கைக்குழந்தைகட்கும் இது பின்னும் மிகுதி.

இனி எம் இல்லத்து வரலாற்றைச் சுருங்கச் சொல்லுவாம். யாம் சென்னையில் ஒரு நாற்சந்தியை அடுத்த மாடிக் குடியிருப்பில் 14 ஆண்டுகள் வாழ்ந்தோம். எந்தையார் செவிக்கருவி அணிபவர். செவி மந்தமானவர்க்கு இரைச்சல் தொல்லை இல்லையென்று பலர் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. கருவியானது மகன் பேச்சையும் வீதியின் ஹாரனையும் ஒருசேரப் பெருக்கிக் கொடுக்கும். ஆகவே அவர் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, நாள் முழுதும் ஒருவரோடும் பேசாமல் இருக்கத் தலைப்பட்டார். வீடு நிறைய மனிதர் இருந்தும் அவர் தனியரானார். அதுவே எம்மைப் புறப்படச் செய்தது. 2016-இல், நீடாமங்கலத்தை அடுத்து, வெண்ணாற்றினின்று கோரையாறும் பாமணியாறும் பிரியும் மூணாற்றுத் தலைப்புக்கு அண்மையிலுள்ள எம் முன்னோர் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தோம். அங்கே சென்ற இரண்டாம் வாரம் எந்தையார் தாமே கருவியை எடுத்து அணிந்து, திண்ணையில் அமர்ந்து வழிப்போவாரை அழைத்துப் பேசலாயினர். 2022-இல் காலமாகும் வரை அத்திண்ணையை அவர் விட்டிலர். இவ்வொன்றின் பொருட்டே அக்குடிபெயர்ச்சி தக்கதென்போம்.

ஆயினும் அன்பர்களே, இதனைக் கேட்டவுடன் மூட்டை கட்ட வேண்டா. புறப்படுமுன் ஆராய வேண்டுவன நான்கு உள.

முதலாவது, வீட்டின் உரிமை. பூட்டிக் கிடக்கும் பூர்வீக இல்லம் ஒருவர்க்கு உரியதாய் இருப்பது அரிது. பங்காளிகள் பலர் இருப்பர். ‘பங்காளி’ எனும்போது ஆண்மக்களையே எண்ணும் பழக்கம் நம்மிடையே இன்னும் நீங்கவில்லை. தமிழ்நாட்டுச் சட்டம் 1989 மார்ச்சு 25 முதல் மணமாகாத பெண்மக்கட்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் ஆண்மக்களோடொத்த உரிமை வழங்கிற்று. 2005-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்திருத்தம், மணமானவர் ஆகாதவர் என்ற வேற்றுமையின்றி மகளிர்க்கெல்லாம் அவ்வுரிமையை அளித்தது. திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடிருத்தல் வேண்டுமென்பதில்லை எனவும், அவ்வுரிமை பிறப்பால் வருவதெனவும் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. ஆதலின் அவ்வில்லத்தைப் புதுக்கிக் குடிபுக விழைவோர், முதலில் தம் சகோதரிகளின் வாசலுக்குச் செல்லக் கடவர். அவர்தம் பங்கை விலை கொடுத்துப் பெறினும் சரி, அவர் மனமுவந்து விட்டுக்கொடுப்பினும் சரி, அதனைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்தல் வேண்டும். ‘அக்காள் கேட்கமாட்டாள்’ என்று ஓடு மாற்றியவர், பின்னர் நீதிமன்றப் படியேறியதை நாம் கண்டிருக்கின்றோம். அன்றியும், அக்காள் கேட்கமாட்டாள் என்பதனாலேயே அவட்குரியதைக் கொடாதிருத்தல் அறமாகுமோ?

புதிதாக மனை வாங்குவோர் பட்டாவும் வில்லங்கச் சான்றும் பார்ப்பதோடு நில்லாமல், மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா என்பதையும், நிலம் நஞ்சையா, நீர்வழிப் புறம்போக்கை ஒட்டியதா என்பதையும் கிராம நிர்வாக அலுவலரிடம் வினவுதல் வேண்டும். பசுமைக்காகச் சென்று வயலை அழித்து வீடு கட்டுதல் தன் நோக்கத்தைத் தானே கெடுப்பதாகும்.

இரண்டாவது, மருத்துவம். மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் காலமே உயிர். இரத்தக் கட்டியாற் பக்கவாதம் உண்டானால், கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தப்படுதல் வேண்டும். ஆகவே எவ்வூராயினும், அங்கிருந்து தக்க மருத்துவமனைக்கு இரவில் எத்துணை நேரத்தில் செல்லக்கூடும் என்று ஒருமுறை வண்டியோட்டிப் பார்த்துவிடுதல் நன்று. தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் இயங்குகின்றது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் ஏற்பாட்டால், இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்துகள் முதியோர் இல்லம் தேடி வருகின்றன. எந்தையார்க்கு ஓரிரவு நெஞ்சுவலி கண்டபோது அந்த 108 வண்டியே எம்மைத் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிற் சேர்த்தது.

பாம்புக்கடியைக் குறித்தும் ஒரு சொல். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கே நம் நாட்டில் பெரும்பான்மை உயிர்ச்சேதத்துக்குக் காரணம். இந்நான்கிற்கும் ஒரே முறிமருந்து உண்டு. அதற்குரிய நஞ்சைப் பெரிதும் சேகரித்துத் தருவோர், சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-இல் நிறுவப்பட்ட கூட்டுறவுச் சங்கத்தின் இருளர் மக்களே. கடிவாயை அறுத்தலும் கயிற்றால் இறுகக் கட்டுதலும் தீங்கு. கடியுண்ட உறுப்பை அசைக்காமல் மருத்துவமனைக்கு விரைதலே நன்று. முறிமருந்து இருக்கும் அண்மை மருத்துவமனை எது என்பதைக் குடிபுகும் நாளிலேயே கேட்டறிந்து, கதவின் பின்புறம் எழுதி ஒட்டிவைத்தல் வேண்டும்.

மூன்றாவது, பிழைப்பும் கல்வியும். 2020 மார்ச்சு 25-இல் தொடங்கிய ஊரடங்கின்போது, கணிப்பொறித் தொழிலர் பலர் ஊரிலிருந்தே வேலை செய்து காட்டினர். ஆயினும் பின்னர் அவருட் பலரை நிறுவனங்கள் திரும்ப அழைத்துக்கொண்டன. ஆதலின் ஒரு நிறுவனத்தின் தயவை நம்பி வீட்டை விற்றுவிட்டுப் புறப்படுதல் தகாது. பட்டணத்து வீட்டை முதலில் ஓராண்டு வாடகைக்கு விட்டு, ஊர் வாழ்வைச் சோதித்துப் பார்த்துப் பின்னர் முடிவு செய்தலே விவேகம். மேல்வகுப்புப் பயிலும் பிள்ளைகளை நடுவாண்டிற் பெயர்த்தலும் தகாது.

நான்காவது, இதுவே பெரிதும் மறக்கப்படுவது. இல்லத்துப் பெண்மக்களின் சம்மதம். ஆடவர் ‘அமைதி’ என்று சொல்லுவது, மாதர்க்குப் பலகாலும் ‘வேலை’ என்று பொருள்படும். பெரிய வீடெனிற் பெருக்க இடமும் பெரிது. முற்றத்தில் உதிர்ந்த இலையை வாருவார் யார்? கடைக்கு இரண்டு கிலோமீட்டர் எனின் செல்வார் யார்? பட்டணத்திற் பணிபுரிந்த மருமகள் ஊருக்கு வந்தால், அவள் தொழில் என்னாவது? அவளது தோழியர் கூட்டம் என்னாவது? ஊரார் கேள்விகட்கு அவள் நாள்தோறும் விடையிறுக்க வேண்டுமோ? இவற்றையெல்லாம் எம் இல்லத்தார் எம்மிடம் கேட்டனர். ஆறு மாத காலம் பேசினோம். சமையலறைக்குள்ளேயே தண்ணீர்க் குழாய், துணி துவைக்கும் இயந்திரம், அவர் தாமே ஓட்ட ஒரு ஸ்கூட்டர், மாதம் ஒருமுறை சென்னைப் பயணம் என்று நிபந்தனை வைத்தனர். நிபந்தனையெல்லாம் நிறைவேறிய பின்னரே சாமான் வண்டி புறப்பட்டது. திண்ணை ஆடவர்க்கும் அடுப்பங்கரை மகளிர்க்கும் என்று பங்கிடுவோமாயின், அவ்வீட்டில் அமைதி வாசல் வரையில்தான் நிற்கும்.

இனி, ஊரில் ஓசையே இல்லையோ எனின், அது பொய். விடியற்காலை நாலு மணிக்குச் சேவல், மழைக்காலத்திற் தவளை, அறுவடைக் காலத்தில் இரவெல்லாம் அறுவடை இயந்திரம், மயிலின் அகவல் கவிதையில் இனிது, சன்னலடியில் இனிதன்று. ஆடி மாதத்து அம்மன் திருவிழாவிலும் மார்கழி விடியலிலும் கூம்பு ஒலிபெருக்கி ஊரையே எழுப்பும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாதென்னும் விதியை உச்ச நீதிமன்றம் 2005-இல் உறுதிப்படுத்தியது ஊருக்கும் பொருந்தும். ஆனால் சட்டப் புத்தகத்தை ஏந்திக்கொண்டு சென்றால் ஊரார் செவி சாயார். யாம் முதலாண்டு வாய் திறந்திலோம். இரண்டாம் ஆண்டு திருவிழா வரி கொடுத்து, கூட்டத்தில் அமர்ந்து, எம் தந்தையாரையும் எதிர்வீட்டுப் பச்சிளங்குழந்தையையும் சுட்டிக் கேட்டோம். குழாய் ஒன்று தோப்பை நோக்கித் திரும்பிற்று. நாளடைவில் இரவு 10 மணிக்கு நிறுத்தும் வழக்கமும் வந்தது. எனவே ஊரின் அமைதி இயற்கை மட்டும் தருவதன்று. அயலாரோடு உறவாடிப் பெறுவதுமாகும். பட்டணத்தில் ஓசை எழுப்புவோன் யாரென்றே தெரியாது. ஊரில் அவன் பெயரும் அவன் பாட்டன் பெயரும் தெரியும். பேச ஓர் ஆள் உண்டு என்பதே ஊரின் பெருஞ்செல்வம்.

இவ்விடத்து, நம் சங்க மேடையில் நின்று ஒன்று சொல்லாமற் போதல் எமக்குத் தகாது. ஊர் என்றால் நம்மவர் தெரு என்று பொருள்கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. 2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியற்காலையிற் கஜாப் புயல் வேதாரணியத்தருகே கரையேறி, எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. எம் கொல்லைப்புற மாமரம் கூரையின் மேல் விழுந்தது. பல நாள் மின்சாரமில்லை. அன்று காலை அரிவாளோடும் கயிற்றோடும் முதலில் ஓடிவந்தவர், வாய்க்காலுக்கு அப்பாலுள்ள தெருவினர். எம் முன்னோர் திண்ணையில் அவர் முன்னோர் அமர்ந்ததில்லை. எந்தையார் அவர்களைத் திண்ணையில் இருத்தித் தம் கையாற் காப்பி கொடுத்தார். அன்று முதல் அத்திண்ணை எல்லார்க்கும் பொதுவாயிற்று. அன்பர்களே, பழைய வீட்டுக்குத் திரும்புவோம். பழைய வேற்றுமைக்குத் திரும்ப வேண்டா. ‘பெரிய வீட்டார் வந்துவிட்டனர்’ என்று ஊரார் அஞ்சும்படி செல்வோமாயின், நாம் செல்லாதிருப்பதே அவ்வூர்க்கு நலம். வேலைக்கு வருவார்க்கு உரிய கூலியும், ‘வாருங்கள்’ என்னும் சொல்லும் தவறலாகாது.

ஆண்டில் ஆறு நாள் கிராம சபை கூடுகின்றது. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்னும் நான்கோடு, 2022 முதல் மார்ச்சு 22-உம் நவம்பர் 1-உம் சேர்ந்தன. வாக்காளர் அனைவரும் ஒரே பந்தலில் அமரும் இடம் அதுவே. அங்கே போய்க் குளமும் சாலையும் தெருவிளக்கும் பேசுவோன், ஓராண்டில் ஊரானாவான். போகாதவன் பத்தாண்டு இருப்பினும் விருந்தாளியே.

நிற்க. எல்லாரும் ஊருக்குச் செல்லல் இயலாது, வேண்டியதுமில்லை. வாரந்தோறும் தக்க மருத்துவரைக் காண வேண்டியவர், பட்டணத்தை விட்டாற் பிழைப்பிழப்பவர், தனித்து வாழும் முதியோர், இவர்கள் இருக்குமிடத்தே இருத்தல் நன்று. அவர்க்கும் வழி உண்டு. கிரைண்டரின் கீழ் கனத்த ரப்பர்ப் பாய். நாற்காலிக் கால்களுக்குக் கம்பளித் துண்டு. மோட்டாரின் அடியில் அதிர்வு தாங்கும் கட்டை. இடிப்பு வேலைக்குப் பகலில் வரையறுத்த நேரம். இவற்றைக் குடியிருப்போர் சங்கத்தார் கூடித் தீர்மானித்தால் செலவு சிறிது, பயன் பெரிது. ஜெனரேட்டர் உள்ள குடியிருப்புகளில் அஃது ஒலித்தடுப்புக் கூண்டுக்குள் இருத்தல் சட்டப்படி கட்டாயம். ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபலுக்கு அது மேற்படலாகாது. கதவிடுக்கையும் சன்னலிடுக்கையும் அடைப்பதே உறங்கும் அறையிற் பெரிய வேறுபாட்டைத் தரும், என்னை? காற்று நுழையும் சிறு துளை வழியே ஓசையும் நுழைதலின். எல்லாவற்றினும் மேலாக, மேல்வீட்டாரைச் சண்டையில் அறிமுகம் செய்துகொள்ளாமல், ஒரு நல்ல நாளில் பலகாரத் தட்டோடு அறிமுகம் செய்துகொள்ளுதல் நலம்.

எனவே யாம் கூறியவற்றின் சாரம் இதுவாம். இரைச்சல் உடலைக் கெடுப்பது உண்மை. அதைவிட்டு நீங்க விழைதல் கோழைத்தனம் அன்று. ஆயினும், உடன்பிறந்தாளின் உரிமையைப் பறித்தும், மனையாளின் உழைப்பைப் பெருக்கியும், அயல் தெருவாரைத் தாழ்த்தியும் பெறும் அமைதி அமைதியாகாது. இம்மூன்றிற்கும் இடங்கொடாமல் பெயர்வோமாயின், பூட்டிக் கிடக்கும் நம் பழைய கதவுகள் மீண்டும் திறக்கும்; உள்ளே ஒரு முதியவர் பேசும் குரலும் ஒரு குழந்தை படிக்கும் குரலும் தெளிவாகக் கேட்கும். அங்கத்தினர் ஒவ்வொருவரும் வரும் விடுமுறையில் தத்தம் ஊருக்குச் சென்று, அப்பூட்டை ஒருமுறை திறந்து பார்த்து, வீட்டாரோடு கலந்து பேசுமாறு வேண்டிக்கொள்கின்றோம்.